கம்பத்தடிப் புது மண்

உங்கள் தெருக் கதிர்வீச்சு மானியின் கீழே கிடப்பது எப்போது கொட்டிய மண் என்று பார்த்தீர்களா?

அணு உலை விபத்துக்குப் பின் பள்ளி வாசலில் கம்பம் நட்டுப் பொருத்திய மானியின் எண், ஒரே நாளில் பாதியாக இறங்கியது. அங்கே பதினைந்து வருடமாகப் பெருக்கும் அம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. கம்பத்தைச் சுற்றி மட்டும் கதிர்வீச்சு படிந்த பழைய மண்ணை அள்ளிவிட்டுப் புது மண். தீயணைப்பு நிலையத்தில் கைமானியை இரவல் வாங்கி, பள்ளிக்குள் தன் மகள் ஆடும் சறுக்குமரத்தடியில் வைத்தார். கம்பத்து எண்ணைப் போல் நான்கு மடங்கு காட்டியது.

மானி வைத்த அதிகாரியிடம் போய்ச் சொன்னதும் அவர் சிரித்தார். "சுத்தம் பண்ணோம்மா, அது தப்பா?"

"கூட்டுறது என் வேலை சார். வாசல மட்டும் கூட்டினா வீடு சுத்தமாயிடுமா? எம்பொண்ணு கம்பத்தடியிலயா விளையாடுறா?"

மகள் இப்போது அங்கே ஆடுவதில்லை. மற்ற பிள்ளைகள் ஆடுகிறார்கள். நாளையே உங்கள் பள்ளிக்குப் போய், கம்பத்தை விட்டுத் தள்ளி, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள்.