மிஷின் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்த வருஷம் வானத்தையே நின்று திட்டினேன். மும்பை தாராவியில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப் பள்ளியில் கீழ்த்தளத்து அறை என்னுடைய ஐந்தாம் வகுப்பு. மழை வந்தால் முழங்கால் தண்ணீர், வடிந்தால் சேறு, சேற்றை அள்ளினால் கரண்ட் இல்லை. என் வகுப்புக்கு மட்டும் லீவுக்கு மேல் லீவு.

பிப்ரவரியில் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "உங்க வகுப்புக்குப் பாட நேரம் குறையுதும்மா. வருஷத்துக்கு இவ்வளவு மணி நேரம் நடத்தியே ஆகணும்னு விதி. ஈடுகட்டலைன்னா பரீட்சையைத் தள்ளித்தான் வைக்கணும்."

தள்ளினால் சித்திரைக் கொடையில் போய் இடிக்கும். என் பிள்ளைகள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, ரயில் முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுவார்கள். ஊருக்குப் போனால் பரீட்சை போச்சு. ஐந்தாவதில் இப்போது ஃபெயிலும் போடுகிறார்கள். விஷயம் தெரிந்ததும் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கொடையில்தான் அவள் முதல் தடவையாக முளைப்பாரி எடுக்கப்போகிறாள்.

"நான் பாரியும் எடுக்கணும், பாஸும் ஆகணும் டீச்சர்."

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குப் பள்ளிக் கட்டடத்தில் ஏதாவது முகாம் நடக்கும். இட்லி அவித்து விற்கும் அவள் அம்மாதான் வழி சொன்னாள். "எங்க சந்துல வச்சு நடத்துங்க டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பக்கமும் தையல் மிஷின், கிரைண்டர், இந்திப் பாட்டு, டிவி. "இங்கயா? நான் கத்துறது எனக்கே கேக்காதே!"

"அத நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க வாங்க."

தலைமை ஆசிரியர் யோசித்துத்தான் சம்மதித்தார். "நான் வந்து பார்ப்பேன். வகுப்பு மாதிரி இருந்தாத்தான் கணக்குல சேர்ப்பேன்" என்றார்.

முதல் ஞாயிறு, நான் குடியிருக்கும் வடாலாவிலிருந்து வந்து சந்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு மிஷின் ஓடவில்லை. திங்கட்கிழமை ஆர்டர் கொடுக்கவேண்டிய தையல்கார அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். குக்கர் விசில் அடிக்கும் என்று ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை. நடுவில் சாக்கு விரித்துப் பிள்ளைகள்.

"பாடம் முடியுத வரைக்கும் எல்லாம் பந்த் டீச்சர்" என்று அந்த அம்மா ரகசியம் போலச் சொன்னாள்.

அம்மாடி! இத்தனை வருஷத்தில் தாராவிக்கு வாய் மூடத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. பின்னக் கணக்கை மெதுவாகச் சொன்னேன். கடைசிச் சாக்கு வரைக்கும் கேட்டது. மாடியிலிருந்து ஒரு கைக்குழந்தை அழுதபோது அதன் அம்மா தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கே ஓடினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கடைசி ஞாயிறு தலைமை ஆசிரியர் வந்தார். சந்து முனையில் நின்று எனக்கு போன் போட்டார். "ஏம்மா, இங்க யாருமே இல்லையே? சந்து மாறி வந்துட்டேனா?"

"நேரா உள்ள வாங்க சார்."

வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் சும்மா உட்கார்ந்திருந்த மிஷின்காரர்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பாடம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் அவரும் குரலை உயர்த்தாமலே சொன்னார். "நேரம் சரியாப் போச்சு. பரீட்சை பழைய தேதியிலேயே நடக்கும்."

முதல் பெஞ்சுக்காரி துள்ளி எழுந்தாள். "எம்மா, பெட்டியக் கெட்டு!"

அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்துப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "எண்ணே, மிஷினப் போடுங்க!"

எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. நான் அந்தப் பெண்ணிடம் நன்றாகப் படி என்றோ என்னவோ சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.