என் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். சொல்லிக்கொண்டே வந்து நடுவில் எதையாவது மறந்துவிடுவேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கிறவளும் இல்லை நான். அன்றைக்கு ஒரு நாள் திறந்தேன். அதை எழுதிவைக்கத் தோன்றியது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற பாதையோரம் மீன் வறுத்து விற்கிறேன். ஒரு தோசைக்கல், ஒரு ஸ்டவ், சாமான் வைக்க ஒரு மரப்பெட்டி. எங்களை மாதிரி விற்கிற பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அவரவருக்கு நிலையாக ஒரு இடம் குறித்துக் கொடுக்கப்போகிறோம் என்று கவர்மெண்ட் ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். பெட்டிக்குப் பெட்டி பெயிண்டில் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் கண்ணைக் காட்டச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கடைக்காரிதான் என் பெயரைச் சொன்னாள். மரியாதையாக இருக்கட்டும் என்று என் புருஷனுடைய இனிஷியலைச் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அவர் எழுத்து மு. என் அப்பா எழுத்து கோ. புருஷன் வேடந்தாங்கல் பக்கம் இருக்கிறார். நான் அவரை விட்டு வந்து இந்தக் கரையிலேயே கிழவியாகிவிட்டேன். வந்தபோதே சங்கத்தில் கோ என்றுதான் எழுதச் சொன்னேன்.

ஆபீஸ் கொடுத்தது ஒரு ஃபைல், சங்கத்து ஃபைல் ஒன்று. இரண்டிலும் இருக்கிறவர்களுக்குத்தான் இடம். இரண்டையும் சேர்த்துத் தருகிற வேலையைச் சங்கத்துச் செயலாளர் பெண் எடுத்துக்கொண்டாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் நாங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம்.

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. "ஜாயின்னு ஒரு கமாண்டு இருக்கு ஆயா. ரெண்டு ஃபைல்லயும் ஒரே மாதிரி இருக்கிறதைப் பார்த்து, வரியோட வரியை ஒட்டிடும்" என்றாள்.

ஒட்டியது. சிப்பி மாலை விற்கிறவளுக்கு அவள் இடமும், மாங்காய் விற்கிறவள் இடமும், இன்னும் யார் யார் இடமோ சேர்ந்து வந்தது. அது இடைவெளி வரைக்கும்தான் பார்க்குமாம். எங்கள் பெயரில் முதலில் நிற்பது இனிஷியல். ஆகவே மு என்று இருந்த எல்லாரையும் மு என்று இருந்த எல்லாரோடும் முடிச்சுப் போட்டுவிட்டது.

"இன்னாடி, உன் புருசனுக்கு எத்தினி பொண்டாட்டி கீறாங்கன்னு இப்பத்தான் தெரிது" என்று மாங்காய்க்காரி சொல்ல, சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு அந்தப் பெண் பெயருக்கும் மற்ற விவரத்துக்கும் நடுவில் கமா போட்டு, இனிஷியலும் பெயரும் ஒரே துண்டாக நிற்கும்படி செய்தாள். இந்தத் தடவை சரியாக வந்தது. ஆனால் அதில் நான் இல்லை.

மேலிருந்து கீழே படித்தாள், நான் இல்லை. மறுபடி படித்தாள், இல்லை. தப்பு என்று அந்த மிஷின் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஜோடி கிடைக்காத வரியை அது சத்தமில்லாம விட்டுடும் ஆயா" என்றாள். "ஆபீஸ்ல உங்களுக்கு மு, நம்மகிட்ட கோ. அவங்க குடுத்ததை நாம திருத்த முடியாது. நம்ம ஃபைல்ல மு போட்டுட்டா சேர்ந்துடும்."

சங்கத் தலைவியும் பிடித்துக்கொண்டாள். "ஒரு எழுத்து தானே யக்கா? போட்டா இன்னா கொறஞ்சி பூடும்? இடம் வோணுமா, வோணாமா?"

இடம் எனக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த எழுத்தோடு இடம் வந்தால் பின்னாலேயே ஆளும் வருவார், என் பெயரில்தானே கீது என்பார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போட மாட்டேன்" என்றேன்.

"யக்கா..."

"இந்த அடுப்பாண்ட உக்காந்துகினு வெந்தது நானு. அந்த ஆளு எழுத்து இங்க வராது. இடம் இல்லாட்டியும் வராது." முழுக்கச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "அது உட்டுட்ச்சின்னு சொன்னியே, என்னோட இன்னும் யார உட்டுச்சி? அதையும் காட்டச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதே வரியில் கோடு போட்டு ஒரு எழுத்தைத் தட்டினாள். விட்டவர்களை மட்டும் காட்டு என்று அர்த்தமாம்.

வந்தார்கள். குடித்துவிட்டு அடிக்கிறவன் எழுத்தைத் தூக்கியெறிந்தவள். புருஷன் இன்னொருத்தியோடு போனபின் அப்பா எழுத்துக்குத் திரும்பினவள். இரண்டு இனிஷியலையும் ஆசையாகச் சேர்த்துப் போட்டுக்கொண்ட ஒருத்தியும் இருந்தாள், அவள் புருஷன் தங்கமானவன். பஜ்ஜி போடுகிறவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனுக்கும் மாத்த வோணாம்" என்றாள்.

"பேரை வெச்சுப் பொருத்தினா இப்படித்தான்" என்று செயலாளர் பெண் தலையைச் சொறிந்தாள். "ஆபீஸ் ஃபைல்ல பெட்டி நம்பர் இருக்கு. நம்ம ஃபைல்லயும் அதை ஏத்திட்டு, நம்பரோட நம்பரைப் பொருத்துறேன். பேரை நம்ம ஃபைல்ல இருந்து எடுத்துக்கலாம்."

அவரவர் போய்ப் பெட்டியைப் பார்த்து நம்பரைச் சொன்னோம். அதற்கும் அந்த மிஷின் முறைத்தது. ஒன்பது, பத்து என்று அடுக்கினால் வரிசை தப்பு என்றது. எழுத்துக்கு எழுத்துதான் பார்க்குமாம், பத்தில் முதலில் ஒன்று இருப்பதால் அது ஒன்பதுக்கு முன்னால் நிற்கவேண்டுமாம்.

"ஒம்போதுக்கு முன்னாடி பத்தா? இது எந்த இஸ்கோல்ல படிச்சிது?" என்றாள் மாங்காய்க்காரி.

இரண்டு ஃபைலையும் அதன் இஷ்டத்துக்கே அடுக்கிக் கொடுத்தபின் சேர்ந்தது. விட்டவர்களைக் காட்டச் சொன்னாள். யாரும் வரவில்லை. என் வரியைப் படி என்றேன். கோ என்று ஆரம்பித்துப் படித்தாள்.

அதைத் தாளில் எடுத்துத்தான் ஆபீசில் கொடுத்தோம். இப்போது என் தோசைக்கல் இருக்கிற இடத்துக்குத் தந்த அட்டையிலும் கோ என்றுதான் இருக்கிறது.

கமாண்டு சமாச்சாரம் என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். கோடு எங்கே, கமா எங்கே, எதை முதலில் அடுக்கினாள் என்பதெல்லாம் மாறியிருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை சரிபார்த்துத் திருத்துங்கள். என் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்தை மட்டும் தொடாதீர்கள். அது சரியாகத்தான் இருக்கிறது.