சேகரின் கேசட்டில் என் குறட்டை

நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை... ஒரு வரலாற்றையே குறட்டையால் அழித்த முட்டாள்!

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஒரு காலி ஷெட்டில் நாங்கள் திருட்டுத்தனமாக டிஸ்கோ ஆடிய காலம் உண்டு. அதுவும் பட்டப்பகலில்! நைட் ஷிப்ட் முடித்த அப்பாக்கள் லைன் வீடுகளில் பகலெல்லாம் உறங்குவார்கள். தெருவில் தும்மினாலும் உதை விழும். அதனால் ஷெட்டு ஜன்னல்களில் கம்பளியைக் கட்டிவிட்டு உள்ளே ஆட்டம். என் நண்பன் சேகர் இரண்டு டேப்ரிக்கார்டர்களை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டின் தாளம் விழும் நொடியில் அடுத்ததை அவிழ்த்துவிடுவான். அப்படி ஒரு விரல்!

ஷிப்ட் சைரன் ஊதினால் எல்லாரும் வீட்டுக்கு ஓட்டம். சாம்பியன் ரீப்ஸ் சைரனுக்கு ஒரு குரல். நான் பிறந்து வளர்ந்த பக்கத்துச் சுரங்கம், நந்திதுர்க் சைரனுக்கு வேறொரு குரல்.

அப்படி ஒரு பகலை, கடைசிச் சைரன் வரைக்கும், சேகர் ஒரே ஒரு கேசட்டில் பதிந்தான். "பத்திரமா வெச்சிக்கடா" என்று என்னிடம் கொடுத்தான். ஆள் தேர்வைப் பாருங்கள்!

கல்யாணமான புதிதில், நான் குறட்டை விடுவதாக என் மனைவி குற்றம் சாட்டினாள். பொய் என்று நிரூபிக்க, கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பதியவிட்டுப் படுத்தேன். காலையில் கேட்டால்... சுரங்க ஷாப்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்குகிற சத்தம்!

"இன்னா, இப்போ நம்பறியா?" என்றாள்.

நம்பினேன். அப்புறம்தான் கேசட்டின் மேல் சேகரின் கையெழுத்தைப் பார்த்தேன்.

இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. போன மாதம் சேகரின் மகள் திவ்யா வந்தாள். எங்கள் ஆட்டத்தின் வரலாற்றைச் சேகரித்து இணையத்தில் வைக்கிறாளாம்.

"மாமா, அப்பா மிக்ஸ் பண்ண கேசட்டு உங்ககிட்டதான இருக்குது? அது ஒண்ணுதான் ப்ரூஃப்."

"இருக்குதும்மா!" என்றது இந்த நாக்கு. ஏன் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை...

குளியலறையில் அடைந்துகொண்டேன். செல்போனில் பழைய டிஸ்கோ, கையில் தட்டிய டிபன் மூடி, கடைசியில் என் வாயாலேயே சைரன்... எல்லாம் குறட்டையின் மேல் பதிவாயிற்று. இணையத்தில் நீங்கள் கேட்பது அதைத்தான்! சேகரின் விரல் செய்ததை இனி யாராலும் கேட்க முடியாது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

திவ்யா பழைய ஆட்களையெல்லாம் கூட்டி அதை ஒலிபரப்பினாள். அடடா, அந்த ஆட்டம்! தைல வாசனையோடு தொப்பைகள் குலுங்கின. முட்டிவலிக்காரர்கள் முட்டியை மறந்தார்கள். என் சைரன் ஊளையிட்டதும் பழைய பழக்கத்தில் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன்!

சேகர் மட்டும் ஓடவில்லை.

திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றேன். "எப்பிடிடா இருந்துச்சு?"

"அது நந்திதுர்க் சைரன்டா."