சவரி மாமாவின் மடி

என் காதுகுத்துக் கதையை ஆரம்பித்தால் என் கணவர் எழுந்து போய்விடுவார். போகட்டும். சவரிராஜ் மாமாவைப் போல ஒரு தாய்மாமன் தனக்கு வாய்க்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு.

அம்மா பிரிஜட் கத்தோலிக்கப் பெண். அப்பா தனசேகரன் இந்து. 1974இல் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும், அம்மாவின் தகப்பனார் அருளானந்தம் தாத்தா, "அவ வாசப்படிய மிதிக்கிறவன் எவனும் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் சவரி மாமா ஒருவர்தான். பஸ் டிரைவர், தாத்தாவோடு சிங்கப்பூர் பஃப்ளோ ரோட்டில் குடியிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து, சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலில் எனக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். எனக்குப் பதினொரு மாதம். எல்லாம் அம்மா சொல்லச் சொல்ல எனக்கு மனப்பாடமானது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அம்மா கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "பொண்ணு வீட்டுல நாதியே இல்லையா?" என்று அப்பாவின் அத்தை சிவகாமசுந்தரி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று பேச்சு கிளம்பியபோது, மாமா சீருடையோடு ஓடிவந்தார்.

"சாரிக்கா, அடுத்த டிரைவர் லேட்டுலா. புள்ளையக் குடுங்க."

சப்பணமிட்டு உட்கார்ந்து என்னை வாங்கிக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும், பழக்கதோஷம், அம்மன் சந்நிதி என்பதை மறந்து மாமா என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டார். ஆசாரி ஊசியைக் கீழே இறக்கினார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

சிவகாமசுந்தரி அத்தைதான் வாயைத் திறந்தார். "எந்தச் சாமி காப்பாத்துனா என்ன? புள்ள அழுவறதுக்குள்ள குத்துங்க."

மாமா அன்றே வீட்டுக்குப் போய்த் தாமாகவே தாத்தாவிடம் சொன்னார். "என் மடியிலதான்பா வச்சுக் குத்துனாங்க." மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. தாத்தா கதவைக் காட்டினார். மாமா ஒரு துணிப்பையோடு மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போய்த் தாத்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் மாமா கையை நீட்டுவார். தாத்தா மறுபக்கம் திரும்பிக்கொள்வார். இப்படி ஏழு வருடம். நானாக இருந்தால் இரண்டாவது வாரமே பெஞ்சு மாறியிருப்பேன். மாமாவை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

1983இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"புள்ளைக்குக் காது ஆறிடுச்சாடா?"

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா எதையும் சொல்லிக்காட்டவில்லை.

"ஆறிடுச்சுப்பா. வாங்க, காட்டுறேன்."