முகம் பார்த்துப் பேசலாம்

மைசூர் அக்ரஹாரத்தில் நாங்கள் நடத்திய எஸ்.டி.டி. பூத்துக்குள் கம்ப்யூட்டர் வந்ததும், என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம் வாசலில் ஒரு போர்டு மாட்டியது. வெளிநாட்டில் இருப்பவர்களோடு இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேசலாம் என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. பெங்களூரில் ஏதோ கண்காட்சியில் அப்படிப் பேசுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நம் டெலிபோன் லைன் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை அவர். முதலில் போர்டு, மற்றதெல்லாம் பிறகு.

காமிரா வந்து மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் போல உட்கார்ந்தது. படம்தான் வரவில்லை. மோடம் கத்திக் கத்தி ஓயும். தப்பித்தவறி லைன் கிடைத்தால் யாரோ ஒருவருடைய நெற்றி மட்டும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும், உடனே எல்லாம் போய்விடும். தூறல் விழுந்தால் அதுவும் கிடையாது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், ஆகிவிடும், கொஞ்சம் பிரச்சினை, அவ்வளவுதான் என்று கன்னடம் கலந்து அவரிடம் ஒரே பதில்.

"ஆகுத்தே, ஸ்வல்ப ப்ராப்ளம் அஷ்டே. அடுத்த வாரம் வாங்க."

முடியாது என்று வாயைத் திறந்து சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வந்தவர்கள் முகத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொள்ளேகாலிலிருந்து ஒரு அம்மா ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்தார். மகனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே கார் மோதி, ஆஸ்பத்திரியில் கிடந்து, அறைக்குத் திரும்பியிருந்தான். போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறானாம்.

"கொரலு நல்லாத்தான் இருக்குது. காய்ச்சல்ல அனத்தும்போதுகூட நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டா எனக்குத் தெரிஞ்சு போயிரும் அம்மணி" என்றார்.

அவருக்கும் அதே அடுத்த வாரம்தான். பெற்றவளை இப்படி அலைக்கழிக்கலாமா என்று வீட்டில் சண்டை போட்டேன். "முடியாதுன்னு சொன்னா கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. உனக்கு பிசினஸ் தெரியாது" என்று என் வாயை அடைத்தார்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் சில வீட்டுக் கதவுகளில் சாக்பீஸால் 'நாளே பா' என்று எழுதியிருக்கும். கன்னடத்தில் நாளைக்கு வா என்று அர்த்தம். கதவைத் தட்ட வரும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுமாம். மறுநாளும் வந்து, அதையே படித்துவிட்டுப் போகுமாம். இன்னொரு ஞாயிறும் லைன் கிடைக்காமல் போனபோது அந்தம்மா அதைத்தான் சொன்னார்.

"பேயைத்தான் நாளே பான்னு எழுதிப்போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. என்னையுமா அம்மணி?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கூசிப்போயிற்று.

"இங்க முடியாதும்மா. அடுத்த வாரமும் முடியாது. இந்த லைன்ல படம் வராது. இதுக்காக பஸ் ஏறி வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். நான் ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். சாயங்காலம் வந்த வீட்டுக்காரர், "அப்படியே ஷட்டரையும் இழுத்து மூடிடு" என்று சொல்லிவிட்டு, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். நிம்மதி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தம்மா மறுபடி வந்து நின்றார். அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் வந்திருக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

"படம் பாக்க வரலைங்க. நீங்க போன் போட்டு அவங்கிட்டப் பேசுங்க. எப்படி இருக்கான்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க. ஆகாததை ஆகாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்திதான். நீங்க சொன்னா நம்புவேன்."

போன் போட்டேன். யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னதும் அந்தப் பையன் மெதுவாகப் பேசினான்.

"அக்கா, கால்ல இன்னொரு ஆபரேஷன் இருக்கு. இப்ப வாக்கர் பிடிச்சுத்தான் நடக்கறேன். நல்லா நடந்துடுவேன்னு டாக்டர் சொல்றார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க."

இவனும் என் வீட்டுக்காரர் ஜாதிதான் என்று ஆத்திரம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லாம இருக்க என்னால ஆகாது தம்பி" என்று போனை வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், வாக்கரையும் சேர்த்து. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பையன் பொழச்சுக்கிட்டான்னு இப்பத்தான் அம்மணி நம்புறேன்" என்றார்.