பெரியம்மா குறை சொல்லாத சனிக்கிழமை

என் பெரியம்மா முப்பது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொன்னவள். ஓய்வு பெற்ற பிறகு இலவசமாகச் சொல்கிறாள்.

ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. தலைக்கு மேல் குழல் விளக்கு, முன்னால் மலையாகச் சட்டைகள். காலரைப் புரட்டுவாள், பட்டனைச் சுண்டி இழுப்பாள், தையலை நகத்தால் நெருடுவாள். பிசிறோ கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைப்பாள். பெரியம்மா வேலையை விட்டு வந்த நாளில் ஆலையில் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். மேடையை விட்டு இறங்குவதற்குள் அதன் கண்ணாடியில் கீறல் இருப்பதைக் கண்டுபிடித்து மேனேஜரிடமே காட்டினாள். கூடவே ஒரு பெட்டி நிறைய அம்பு ஸ்டிக்கர் ரோல்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "கேட்டுத்தான் எடுத்தேன்" என்பாள். யாரைக் கேட்டாள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

அவளும் நானும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவள் மூன்றாம் மாடி, நான் அதற்குக் கீழே. பெரியப்பா போன பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். முதலில் தெருமுனை பார்லரில் தலைக்குச் சாயம், காலுக்குத் தேய்ப்பு. அப்புறம் பக்கத்துச் சின்ன அரங்கில் பாட்டு. கடைசியில் எதிர்ச்சாரி ஓட்டலில் சாப்பாடு. துணைக்கு நான். துணை என்றால் பையைத் தூக்குவது, அவள் முன்னால் போய்விட்ட பிறகு பின்னால் நின்று மன்னிப்புக் கேட்பது.

ஏனென்றால் கைப்பையில் அந்த ரோல் எப்போதும் இருக்கும். பார்லர் கண்ணாடியின் ரசம் போன மூலையில் ஒரு அம்பு. அரங்கில் பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் ஒரு அம்பு. ஓட்டலில் ஆடுகிற மேசைக் காலில் ஒரு அம்பு. ஒருமுறை பார்லர்காரியின் நெற்றியிலேயே ஒட்டிவிட்டாள், ஒரு புருவம் மேலேயும் ஒரு புருவம் கீழேயும் இருந்ததால். தெருவே அவளைச் செக்கிங் அம்மா என்றுதான் கூப்பிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த மேசைக் காலுக்கு ஆப்பு வைத்திருப்பார்கள். அந்தப் புருவம்கூடச் சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் செய்வாள். அண்ணன் நகரத்தின் மறுகோடியில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருக்கிறான். நல்லவன். அதுதான் அவனிடம் உள்ள பெரிய தொல்லை. நல்லவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது. ஒருநாள் வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

"உனக்கு ஒரு ரூம் பெயின்ட் அடிச்சு ரெடி பண்ணியாச்சு. அடுத்த மாசம் வந்துடு. இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்."

"எதுக்குடா? நான் இங்க நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கியா? வாரா வாரம் போன்ல என்ன சொல்ற? பார்லர்காரி காதுல சாயம் பூசறா, பாட்டுக்காரனுக்குச் சுருதியே இல்ல, ஓட்டல் சூப் பாத்திரம் கழுவின தண்ணி. எங்க வீட்டுல ஒரு மாசம் இருந்தியே, ஒரு குறை சொன்னியா? மூச்சு விட்டியா? அங்கதாம்மா நீ நிம்மதியா இருந்த."

பெரியம்மாவின் வாயிலிருந்து கொட்டிய அத்தனையும் ஒன்றுகூடி அவளுக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன. ரோஷத்தோடு சொன்னாள்:

"வர்ற சனிக்கிழமை நீயும் என்கூட வா. பார்லர், பாட்டு, ஓட்டல் எல்லாத்துக்கும். ஒரு குறை என் வாயில வருதான்னு பாரு. வந்துச்சுன்னா மூட்டை கட்டிக்கிட்டு உன் பின்னாடியே வந்துடறேன்."

மீனை நீந்தாமல் இருக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். அவள் போய்விட்டால் சனிக்கிழமைகளில் நான் கணவரோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்க வேண்டியிருக்கும், அது ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொன்னால், பூட்டிக் கிடக்கும் மூன்றாம் மாடியை நினைத்து அன்று ராத்திரி அழுதேன்.

சனிக்கிழமை படியிறங்கும்போது ரோலை என் கையில் திணித்தாள். "நீயே வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

பார்லரில் அண்ணன் காத்திருப்போர் நாற்காலியில் ஒரு பழைய பத்திரிகையோடு உட்கார்ந்தான். பார்லர்காரி பெரியம்மாவின் காலைத் தொட்டியில் வைத்துவிட்டு வழக்கமான வசவுக்குத் தயாராகக் கேட்டாள்.

"தண்ணி சூடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

பார்லர்காரி நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்தாள். அது ஜில்லென்று இருந்தது, வெந்நீர்க் குழாயைத் திறக்க மறந்திருந்தாள். அவசரமாகத் திறந்துவிட்டு என்னை மூலைக்கு இழுத்துப் போனாள்.

"என்னக்கா ஆச்சு அம்மாவுக்கு? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?"

"ஒண்ணும் இல்ல. இன்னிக்கு மட்டும் இப்படித்தான்."

அவள் நம்பவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். சாயம் காதில் வழிந்தது, பெரியம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். கடைசியில் நகப்பூச்சு. அந்தக் கலக்கத்தில் வலது காலுக்கு ஒரு நிறமும் இடது காலுக்கு வேறு நிறமும் பூசி முடித்துவிட்டுத்தான் பார்லர்காரிக்கே தெரிந்தது. பெரியம்மா இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அழகா இருக்கு" என்றாள்.

அண்ணன் பத்திரிகைக்கு மேலாகப் பார்த்துத் தலையாட்டினான். நான் பையைத் திறந்து ரோல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அரங்கில் இன்னும் மோசம். அங்கே பாடுகிறவர் பகலில் மின்சாதனக் கடையில் மிக்ஸி விற்கிறவர். குரல் நன்றாகவே இருக்கும், ஆனால் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி கண்ட பக்கம் போகும். முதல் வரிசையில் பெரியம்மா ஆள்காட்டி விரலைத் தூக்கினால் உடனே சுருதிக்குத் திரும்பி வருவார். அந்த விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விரல் எழவில்லை. தான் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டார், பாவம். கண்ணை மூடிக்கொண்டு மேலே மேலே போனார். பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகம் பதிந்த தடம் எனக்கு மறுநாள்வரை இருந்தது.

முடிந்ததும் அவர் நேராக இறங்கி வந்து அவள் முன் நின்றார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாம்மா எனக்குத் திருப்தி."

"ரொம்ப நல்லா பாடினீங்க" என்றாள் பெரியம்மா. ஒவ்வொரு வார்த்தையையும் மாத்திரை விழுங்குவது போல விழுங்கிச் சொன்னாள். இன்னும் ஓட்டல் ஒன்றுதான் பாக்கி. தப்பித்துவிடுவாள் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

ஓட்டல் முதலாளியே கல்லாவை விட்டு வந்து எங்களுக்குப் பரிமாறினார். அது வழக்கம்தான். சூப் வைப்பார், பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "உப்பு எங்கய்யா? கடல் வத்திப் போச்சா?" என்பாள். அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கும் உப்புச் சீசாவை எடுத்து நீட்டுவார். அப்புறம் அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். உப்பை வேண்டுமென்றேதான் குறைக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை.

அன்றும் சூப் வந்தது. ஒரு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்கு."

முதலாளி அப்படியே நின்றார். கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தச் சீசாவை என்ன செய்வது, உட்காரலாமா கூடாதா, எதுவும் அவருக்குப் புரியவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். பெரியம்மா அவரைப் பார்க்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள்.

அப்போதுதான் அண்ணன் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"என்னங்க இது? உப்பும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. இதையா எங்க அம்மாவுக்கு வாரா வாரம் ஊத்தறீங்க?"

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாயை மூடுடா."

பக்கத்து மேசைகள் திரும்பின.

"யாரைப் பார்த்து என்ன பேசற? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு மாடி மூச்சு வாங்க ஏறி வந்து சூப் கொடுத்த மனுஷன் அவர். நீ எங்க இருந்த அப்ப? போன்ல இருந்த. இவர் கடை சூப்பைச் சொல்றதுக்கு நீ யாரு?"

"நீதானேம்மா சொன்ன! அதே வார்த்தை!"

"நான் சொல்லுவேன். நான் சொன்னா அவர் உப்பு கொண்டு வருவார்."

அண்ணன் தணிந்த குரலில் கேட்டான். "அப்போ எங்க வீட்டுல ஏன் ஒண்ணுமே சொல்லல?"

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நெருடினாள். பழைய பழக்கம், தையல் தேடுகிற விரல்.

"உன் வீட்டுல சொன்னா உன் பொண்டாட்டி அழுவா. நீ நடுவுல நின்னு முழிப்ப. அதான் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாசமும் விருந்தாளி மாதிரி. எனக்கு அது எப்படி இருந்துச்சு தெரியுமா? தூக்கிப் போடற சட்டைக்கு நாங்க அம்பு ஒட்ட மாட்டோம்டா. அது நேரா கழிவு மூட்டைக்குப் போயிடும். சரி பண்ணி வச்சுக்கலாம்னு இருக்கறதுக்குத்தான் அம்பு."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சூப்பின் ஆவி என்று சொல்ல வாய்ப்பில்லை, அது எப்போதோ ஆறிவிட்டது. இருந்தாலும் நல்லவன் இல்லையா, ஒப்பந்தத்தை விடவில்லை.

"ஆனா நீ குறை சொல்லிட்டம்மா."

"உன்னைத்தானே சொன்னேன்?"

அண்ணன் முதலாளியைப் பார்த்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா எங்க கடையைப் பத்தி இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்க."

"பார்லரைப் பத்தியும் இல்ல, பாட்டைப் பத்தியும் இல்ல" என்றேன் நான். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"சரி" என்றான் அண்ணன். "ரூமைப் பிள்ளைங்க படிக்க வச்சுக்கட்டும்."

அடுத்த நிமிடம் பெரியம்மா முதலாளி பக்கம் திரும்பினாள். "உப்பு எங்கய்யா? கடல் வத்திப் போச்சா?" சீசா முதுகுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சாயங்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. ஜில்லென்ற தண்ணீர், காதுச் சாயம், மிக்ஸிக்காரர் ஏறிய உயரம். செருப்பைக் கழற்றி இரண்டு கால் நகங்களையும் கடையில் எல்லோருக்கும் காட்டினாள். அண்ணன் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்தான்.

கிளம்பும்போது என்னிடம் கையை நீட்டினாள். ரோலைக் கொடுத்தேன். அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டபோது அவள் கை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்ததைப் பார்த்தேன். காருக்குப் போகிறவனின் நீலச் சட்டையில், அக்குளுக்குப் பின்னால் பிரிந்திருந்த தையலைக் காட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு இருந்தது.

மறுநாள் காலையில் நான் பெரியம்மா வீட்டில் இருக்கும்போது அவள் மருமகள் போன் செய்தாள். பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, அவர் சட்டையில ஒரு அம்பு இருந்துச்சு."

"ஆமா" என்றாள் பெரியம்மா.

"தையல் விட்டிருந்துச்சு. நான் கவனிக்கவே இல்ல. இப்பத்தான் தைச்சேன்."

"என்ன கலர் நூல் போட்ட?"

"வெள்ளை."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"நீலச் சட்டைக்கு வெள்ளை நூலா?"

போச்சு, அழப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"அதான் கூப்பிடறேன் அத்தை. வர்ற சனிக்கிழமை வாங்க. வீடு பூரா காட்டறேன்."

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றேன், சாயங்காலம் திரும்பிடுவேன்." போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரோல் தீரப் போகுதுடி. பரண்ல இருந்து இன்னொண்ணு எடு."