வக்கீல் இலவசம்… வராத நாள்?

அரசு செலவில் வக்கீல் பெற்ற ஒருவருக்கு எதிராக நீதிமன்றம் செலவுத்தொகை விதித்தால், அதைக் கட்ட வேண்டியவர் யார்? வக்கீலைக் கொடுத்த அரசா… அவரா?

சேவூரில் என் பக்கத்து வீட்டில் தறி நெய்யும் கலைவாணி, சமீபத்தில் இந்தக் கேள்வியோடு வந்து நின்றார். நான் படித்தவள் என்று நம்பி வந்திருந்தார்.

அவருடைய கணவர் சேத்துப்பட்டில் இருக்கிறார், அவரும் நெசவாளர்தான். ‘காரணமில்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள்’ என்று சொல்லிக் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டிருக்கிறார். கலைவாணியோ அடி தாங்காமல் வெளியேறியவர். அதைச் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் – அவர் வேண்டுவது அது ஒன்றுதான். பெண் என்பதால், சட்ட உதவி மையம் அவருக்குக் கட்டணமின்றி ஒரு வக்கீலை நியமித்தது.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அவர் போகவில்லை. ஏன்?

அன்று விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். கலைவாணி உட்பட வீட்டுக்கு ஓர் ஆளாக நின்று, தெருநீளத்துக்குப் பிடித்த பட்டிழைகளில் கஞ்சி தடவிக் காயவைக்கும் வேலை. நடுவில் ஒருவர் நகர்ந்தாலும் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

“வக்கீலம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?”

“எதுக்குக்கா? அதான் கேஸை அவங்ககிட்ட குடுத்தாச்சே, பார்த்துப்பாங்கன்னு இருந்துட்டேன். கை பூரா கஞ்சி வேற.”

நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. வந்து காத்திருந்த கணவருக்கு அன்றைய செலவைக் கலைவாணி கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகே அவர் சாட்சி சொல்லலாம் என்று உத்தரவாகிவிட்டது.

“வக்கீலைக் குடுத்த கவர்மென்ட்டு இதையும் கட்டாதா?”

அவர் நியாயம் எனக்குப் புரிந்தது. கூலி நெசவில் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. கொடுத்த நூலில் கோளாறு என்றால் நஷ்டமும் முதலாளியுடையது. வக்கீல் விஷயத்தையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாய்தாவுக்கு நானும் அவரோடு பஸ் ஏறினேன். நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் விளக்கினார்.

“என் ஃபீஸு, கோர்ட் ஃபீஸு எல்லாம் சட்ட உதவியில வந்துடும்மா. நீ வராததுக்குப் போட்ட செலவு உன் பொறுப்பு. குறைக்கச் சொல்லி மனு போடலாம். ஒத்துப்பாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது.”

சற்றுத் தள்ளி நின்ற கணவர் சும்மா இருக்கவில்லை. “ஓசி வக்கீலு இருக்கற தைரியம்! நான் தறியை நிறுத்திட்டு வந்து, பொழுதுக்கும் பேஜாரா உக்காந்துகினு இருந்தேன். மகாராணி வரவே இல்ல!”

கலைவாணி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வக்கீலிடம் சொன்னார்: “மனு வேணாம் மேடம். கட்டிடறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அடித்தவருக்கே பணமா? கேட்டேவிட்டேன்.

“அவன் அடிச்சது வேற, அன்னிக்கு அவன் தறி நின்னது வேறக்கா. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா, நான் கூண்டுல ஏறிச் சொல்றதை யாரு நம்புவாங்க?”

அந்த இலவச உதவி இல்லையென்றால் கலைவாணியின் குரல் அந்த அறைக்குள் நுழைந்தே இருக்காது. ஆனால், எதிரில் நின்றவரும் கூலிக்காரர். அவர் இழந்த நாளை யாரும் அவருக்கு இலவசமாகத் தரப்போவதில்லை. சட்டம் இரண்டையும் எடை போடுகிறது. சரிதான்… ஆனால் வக்கீலை நியமித்த அன்றே இந்த விதியையும் அவருக்குப் புரியும்படி ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?

கலைவாணி அந்த வாரக் கூலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கட்டினார். கூண்டில் ஏறினார். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் தெருவில் இப்போதெல்லாம் பாவு நீட்ட நாள் குறிப்பதற்கு முன், யாருக்காவது வாய்தா இருக்கிறதா என்று வீடுவீடாகக் கேட்கிறார்கள்.